என் முன்னிலையில்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பதினொரு கான்ட்ராக்டர்களின் கையெழுத்து கிடக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு டோக்கன். கணினியில் செருகினால் அதுதான் கையெழுத்து. எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். நியாயப்படி அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டிய பொருள். ஆனால் டெண்டர் முடிகிற நாளில், மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, டோக்கனைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து, எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி யார் ஓடிவருவது? அதனால் என்னிடமே இருக்கின்றன. பதினொரு பேருக்காகவும் நான்தான் சத்தியம் செய்கிறேன்.

கான்ட்ராக்டர்களுக்கு டெண்டர் போட்டுக் கொடுக்கிற இந்தக் கடையைக் கொழிஞ்சாம்பாறையில் வைத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. ஊர் கேரளத்தில் இருக்கிறது, நாங்கள் தமிழில் இருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் சித்தூர் தாலுகாக்காரர்கள்: எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம். வாய்க்கால் தூர் வாருவது, பஞ்சாயத்து ரோடு, அங்கன்வாடிக்குக் கழிப்பறை. மீதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி சுற்று வட்டாரம். இரண்டு மாநில டெண்டர் தளத்தையும் தேசியத் தகவலியல் மையம்தான் செய்து கொடுத்திருக்கிறது என்பதால் பொத்தான்கள்கூட ஒரே இடத்தில் இருக்கும். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைச் சில நாள் மேலே உள்ள முத்திரையைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறேன்.

சென்ற வருடம் அந்தப் பக்கத்து வேலை ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். ஆவணத்தின் கடைசியில், வழக்கமான உறுதிமொழிகளுக்குப் பின்னால், நான் அதுவரை தட்டச்சு செய்திராத ஓர் இணைப்பு. ஆண், பெண் என்ற வேறுபாடு பாராமல் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்குவேன் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அது என்ன அம்மணி?" என்றார் கான்ட்ராக்டர்.

"ஆளுக்கும் சித்தாளுக்கும் ஒரே கூலி கொடுப்பேன் என்று உறுதிமொழி."

"கொடுப்பேன் என்று போட்டுவிடு."

போட்டுவிட்டேன். டோக்கனைச் செருகி, கடவுச்சொல் அடித்து, பச்சை டிக் விழுகிற வரைக்கும் மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்கும். அன்று பிற்பகலே அவருடைய இன்னொரு வேலையின் கணக்கு நோட்டு என் மேசைக்கு வந்தது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. அதில் அவருடைய சாய்ந்த எழுத்தில்: ஆள் 6, கூலி 850. சித்தாள் 5, கூலி 550.

பொய் சொல்கிற மனிதர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். காலையில் எழுதிக் கொடுத்ததற்கும் மதியம் கொடுத்த நோட்டுக்கும் முரண் இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. உறுதிமொழியில் சம வேலை என்றுதானே இருக்கிறது? ஆள் வேலை வேறு, சித்தாள் வேலை வேறு.

இந்த இடத்தில் என் தொழிலின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு அரசு வேலைக்கு மூன்று கணக்குகள் உண்டு. முதலாவது அந்தக் கோடு போட்ட நோட்டு; உண்மை அதில் இருக்கும். இரண்டாவது கூலிப் பதிவேடு. அதை நான் செய்கிறேன். அதில் எல்லோருக்கும் ஒரே விகிதம், குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு ரூபாய் குறையாமல், ஆணும் பெண்ணும் இம்மி பிசகாத சமம். என் கணினியில் இருக்கிற சமத்துவத்தைப் பார்த்தால் அம்பேத்கரே கண் கலங்குவார். மூன்றாவது பில். அதில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். இத்தனை கனமீட்டர் கான்கிரீட், இத்தனை சதுரமீட்டர் பூச்சு. அரசு வாங்குவது சுவரை. அதை யார் தூக்கி நிறுத்தினார்கள், அவர்கள் கையில் எவ்வளவு விழுந்தது என்பது எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

ஆனால் பில்லுக்கு முன்னால் எஸ்டிமேட் ஒன்று உண்டே, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு விகிதப் பட்டியலில் கூலியாளுக்கு மஸ்தூர் முதல் வகை, மஸ்தூர் இரண்டாம் வகை என்று இரண்டு வரிகள் வரும். இரண்டாம் வகைக்கு விகிதம் குறைவு. ஆண் என்றோ பெண் என்றோ அங்கே ஒரு சொல் இருக்காது. என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் முதல் வகையை ஆள் என்றும் இரண்டாம் வகையைச் சித்தாள் என்றும்தான் வாசிக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசிக்கத் தெரிகிறது.

சித்தாள் என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். என் சின்னம்மா இருபத்திரண்டு வருடம் சித்தாள். சிறிய ஆள், சிற்றாள், சித்தாள். பெயரிலேயே கூலி குறைந்துவிட்டது பாருங்கள். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பெண் இருபது கிலோ சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினால் அவள் சிறிய ஆள். கீழே நின்று சட்டியை நிரப்புகிறவன் முழு ஆள். எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் கையாளுக்கு மெய்க்காடு என்கிறார்கள். கூலி இங்கே நிச்சயமாக அதிகம். ரிசர்வ் வங்கி வெளியிடுகிற கையேட்டில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளிக்கு 2022-23இல் நாள் கூலி நாட்டின் சராசரி 393 ரூபாய், கேரளத்தில் 852. அதற்காகத்தான் விடிகாலையில் கோபாலபுரம் வழியாக அத்தனை பைக்குகள் இந்தப் பக்கம் வருகின்றன. பைக்கில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் வீட்டுக்குப் பக்கத்து வேலைக்குப் போகிறார்கள், அந்தப் பக்கத்துக் கூலிக்கு.

சின்னம்மா ஒருமுறை சொன்னது. மூலத்தறை அணைக்குக் கீழே ஒரு வாய்க்கால் வேலை. கலவை இயந்திரத்தில் ஜல்லியும் சிமெண்டும் போடுகிறவன் முந்தின நாள் திருவிழாவில் குடித்துவிட்டு வரவில்லை. மேஸ்திரி இவளைக் கூப்பிட்டு இயந்திரத்தில் நிறுத்தினார். ஏழு சட்டி ஜல்லிக்கு எத்தனை மணல், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாள் முழுக்க ஓட்டினாள். சாயந்திரம் கூலி வாங்கும்போது சித்தாள் கூலிதான் கையில் விழுந்தது. "இன்றைக்கு நான் ஆள் வேலை செய்தேனே" என்று கேட்டிருக்கிறாள். "செய்தாய். அதற்காக நீ ஆளாகிவிடுவாயா?" என்று மேஸ்திரி சிரித்தாராம். கோபப்படாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆக, வேலையைப் பார்த்துப் பெயர் வரவில்லை. ஆளைப் பார்த்துப் பெயர், பெயரைப் பார்த்துக் கூலி. இந்தச் சூட்சுமம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு முந்தின வருடம், சர்வதேசப் பெண்கள் ஆண்டில், அவசரச் சட்டமாக வந்தது. ஒரே வேலை என்று மட்டும் அது சொல்லவில்லை. ஒரே தன்மையுள்ள வேலை என்றும் சொன்னது. திறனிலும் உழைப்பிலும் பொறுப்பிலும் இருக்கிற வித்தியாசம் நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதாக இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான். சமமாக்குகிறேன் என்று சொல்லி ஆணின் கூலியைக் குறைக்கவும் கூடாது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதையே கொஞ்சம் சொல் மாற்றி எடுத்துக்கொண்டது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. (கேரள அரசு அந்தத் தொகுப்புகளை இங்கே நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று அப்போது அறிவித்தது. எல்லையில் கடை வைத்திருப்பவளின் தலைவலி இது.)

பெயர் மாற்றி வைத்துக்கொள்வதைப் பற்றி உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனிக்கும் ஆட்ரி டிகோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளருக்கும் நடந்தது, தீர்ப்பு 1987இல். அதிகாரிகளுக்கு அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்களாக இருந்த பெண்கள் தனி வகை, ஆண் சுருக்கெழுத்தாளர்கள் வேறு வகை என்று கம்பெனி வாதாடியது. வேலை ஒன்றேதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுக்கக் கட்டுப்படியாகாது என்ற வாதமும் எடுபடவில்லை. முதலாளியின் வசதியைப் பார்த்துச் சட்டம் வருவதில்லை என்றார்கள். என் கான்ட்ராக்டர்கள் தினமும் என்னிடம் சொல்கிற இரண்டு வாதங்களும் ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன்பே தோற்றுப்போனவை. சுருக்கெழுத்தாளரால் வழக்குப் போட முடிந்தது. சித்தாள் எங்கே போவாள்?

அதனால்தான் அரசுக் கான்ட்ராக்ட் என்ற இடம் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. தனியார் வீட்டு வேலையில் கூலியைக் கேட்க யாருமில்லை. அரசு வேலையில் பணம் கொடுப்பதே அரசு. கேட்கிற கை அதனுடையது.

இதற்கும் ஒரு வழக்கு உண்டு, இதைவிடப் பெரியது. 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக மேம்பாலங்கள், அரங்கங்கள், விளையாட்டு கிராமம். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. கான்ட்ராக்டர் அதை ஆள் பிடித்துத் தருகிற ஜமாதாரிடம் கொடுப்பார். ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொள்வார். பெண்களுக்குக் கையில் கிடைத்தது 7 ரூபாய்தான் என்பது புகார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி அமர்வு விசாரித்தது. கான்ட்ராக்டர் செய்த தவறுக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று அரசு கைகழுவ முடியாது; வேலையைக் கொடுத்தவன் என்ற முறையில் சட்டங்கள் பின்பற்றப்படுவதை உறுதி செய்வது அதன் கடமை என்று செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றும் சொன்னது.

அந்த ஜமாதாரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியில் ஜமாதார், எங்கள் பக்கம் மேஸ்திரி. அந்த 9.25 எந்தக் காகிதத்தில் இருந்திருக்கும்? பதிவேட்டில். அதை என்னைப் போல ஒருத்தியோ ஒருவனோதான் எழுதியிருக்க வேண்டும்.

பதிவேட்டின் அடியில் ஒரு வாக்கியம் வரும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி கூலி பட்டுவாடா நடக்கும்போது வேலையைக் கொடுத்தவரின் பிரதிநிதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தது. கான்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்தால் மீதியை வேலை கொடுத்தவரே கொடுத்துவிட்டு, கான்ட்ராக்டருக்குத் தர வேண்டியதில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. எவ்வளவு அழகான ஏற்பாடு! நின்றதற்குச் சான்றாக அந்தப் பிரதிநிதி எழுதிக் கையெழுத்திட வேண்டிய வாசகத்தையும் விதியே கொடுத்திருந்தது. இந்தக் கட்டத்தில் காட்டியுள்ள தொகை, சம்பந்தப்பட்ட தொழிலாளிக்கு, என் முன்னிலையில், இந்தத் தேதியில், இந்த இடத்தில் வழங்கப்பட்டது. என் கணினியில் இது முன்பே அடித்து வைத்த வாக்கியம். தேதி மட்டும் காலியாக இருக்கும். மூன்று மாதத்துப் பதிவேட்டை ஒரே மதியத்தில் அச்செடுத்து, கட்டைவிரல் மையோடு சைட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட ஓவர்சியர் அந்தப் பெண்களின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1976ஆம் ஆண்டுச் சம ஊதிய விதிகளில் இன்னொரு பதிவேடு இருந்தது. படிவம் டி. அதில் வேலையின் வகை, வேலையைப் பற்றிச் சுருக்கமான விவரம், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, கொடுக்கும் விகிதம் என்று கட்டங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும். விவரம் எழுது என்று கேட்பதுதான் அதன் கூர்மை. சித்தாள் என்று எழுதித் தப்ப முடியாது, அவள் என்ன செய்கிறாள் என்று எழுத வேண்டும். 2017இல் ஒன்பது சட்டங்களின் 56 பதிவேடுகளை மத்திய அரசு ஐந்தாகச் சுருக்கியது. சுமை குறைந்தது, நானும் அன்று நிம்மதியாகத்தான் இருந்தேன். புதிய படிவம் டி என்பது வருகைப் பதிவேடு. பெயர் அப்படியே இருக்கிறது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, எவ்வளவு என்று அடுத்தடுத்து நின்ற கட்டங்கள் போய்விட்டன.

என் கான்ட்ராக்டர்கள் சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் என்று தோன்றினால் அது தவறு. அவர்களைப் போலச் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களை நான் பார்த்ததில்லை. எந்தச் சட்டம் என்பதுதான் கேள்வி. பில்லோடு எது இணைப்போ அதுதான் அவர்களுக்குச் சட்டம். வருங்கால வைப்பு நிதிச் சலான் இல்லாமல் பில் போகாது என்றதும் ஒரே மாதத்தில் எல்லோரும் பதிவு எண் வாங்கினார்கள். கட்டடத் தொழிலாளர் நல வரி ஒரு சதவீதம், அதைக் கேட்காமலே பில்லில் பிடித்துவிடுகிறார்கள். அதற்கு ஒருவரும் முகம் சுளித்ததில்லை. கான்கிரீட் கட்டியைச் சோதனைக்கூடத்தில் உடைத்துச் சான்று வாங்கி வா என்றார்கள். வாழ்க்கையில் அச்சுப்பெட்டியைத் தொட்டிராத ஒருவர் ஆறு பெட்டி வாங்கி வந்தார். இடக்குறியீட்டோடு புகைப்படம் என்றார்கள். செல்போனைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கூடக் கற்றுக்கொண்டார். இவை எல்லாவற்றுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. சலானை வைப்பு நிதி நிறுவனம் தருகிறது. சான்றைச் சோதனைக்கூடம் தருகிறது. படத்துக்குச் செயற்கைக்கோள் சாட்சி சொல்கிறது. கான்ட்ராக்டர் தானே எழுதிக் கொடுக்கிற காகிதம் எதுவும் இந்த வரிசையில் இல்லை. சம ஊதிய உறுதிமொழியோ அவரே எழுதுவது. அதுவும் டெண்டர் வாசலில் காட்டிவிட்டு உள்ளே போனபின் யாரும் திரும்பக் கேட்காதது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி.

மற்ற இடங்களில் இதை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கப் போனது அந்தச் சுற்றுச்சுவர் டெண்டருக்குப் பிறகுதான். அமெரிக்காவில் மினசோட்டா என்றொரு மாநிலம். அங்கே 2014இல் ஒரு சட்டம் போட்டார்கள். 40 பேரோ அதற்கு மேலோ முழுநேர வேலையில் வைத்திருக்கிற நிறுவனம், மாநில அரசோடு 5 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட வேண்டுமானால், மனித உரிமைத் துறையிடம் சம ஊதியச் சான்று வாங்கியிருக்க வேண்டும். சான்று நான்கு வருடம் செல்லும். விண்ணப்பத்தில் நிறுவனத்தின் தலைவரே கையெழுத்திட்டுச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெரிய வேலைப் பிரிவிலும் பெண்களின் சராசரி ஊதியம் ஆண்களுடையதைவிடத் தொடர்ந்து குறைவாக இல்லை என்பது ஒன்று. ஏற்றத்தாழ்வு கண்டால் திருத்துகிறோம் என்பது ஒன்று. எத்தனை காலத்துக்கு ஒருமுறை ஊதியத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறோம், எந்த முறையில் என்பது ஒன்று.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னொரு வரியைப் படித்து. ஒரு பாலினத்தவரைக் குறிப்பிட்ட சில வேலைகளுக்குள் மட்டும் அடைத்து வைக்கவில்லை என்றும் அவர் உறுதி சொல்ல வேண்டும். சித்தாளைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று நினைத்தேன். பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற என் சின்னம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சம வேலைக்குச் சமக் கூலி என்று மட்டும் கேட்டால், வேலையைப் பிரித்துவைத்து எவரும் ஆம் சொல்லலாம். யார் எந்த வேலையில் நிற்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல வாய் வராது.

அதற்காக மினசோட்டாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. அதுவும் அடிப்படையில் சொந்தக் கையெழுத்துதான். துறை வேண்டுமானால் தணிக்கை செய்யலாம். அப்போது ஒவ்வொரு பிரிவிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, சராசரி எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். நம்முடைய பழைய படிவம் டியேதான்! சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. கூட்டாட்சி அரசுக்குப் பொருளோ சேவையோ விற்கிறவர்கள் சம ஊதியம் தர வேண்டும் என்பது 1996 முதல் அங்கே கொள்முதல் சட்டத்திலேயே இருக்கிறது. சரிபார்க்க லோகிப் என்றொரு கருவியை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. சம்பளப் பட்டியலை அதில் போட்டால், படிப்பு, அனுபவம் எல்லாம் கழித்த பிறகும் எஞ்சுகிற இடைவெளி 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உறுதிமொழியைவிட எனக்கு இது பிடித்திருந்தது. சோதனைக்கூடத்தில் கட்டியை உடைப்பதற்குச் சமம்.

ஆட்சியாளரின் பேனாவை நம்பிய ஏற்பாடுகள் எவ்வளவு நாள் நிற்கும் என்பதும் அமெரிக்காவிலேயே தெரிந்துவிட்டது. மத்திய அரசின் கான்ட்ராக்டர்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் பிறப்பித்த ஆணை ஏறத்தாழ அறுபது வருடம் இருந்தது. 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் இன்னொரு ஆணையால் அதை நீக்கினார். மினசோட்டாவுடையது மாநிலச் சட்டம். அந்தப் பேனா அதைத் தொடவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் டீக்கடையில் எங்கள் மேஸ்திரி அண்ணனிடம் சொன்னேன். முப்பது வருட அனுபவம், சொந்தமாக டெண்டரும் போடுகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மணி, நீ சொல்வது சரி. எனக்குக் கொடுக்க மனசு இருக்கிறது என்றே வைத்துக்கொள். ஐந்து சித்தாள், தலைக்கு முந்நூறு கூடுதல். அறுபது நாள் வேலை. நீயே பெருக்கிப் பார்."

பெருக்கினேன். 90,000 ரூபாய். இருபது லட்ச ரூபாய் வேலையில் நாலரை சதவீதம்.

"டெண்டரில் நான் எவ்வளவில் தோற்கிறேன் என்று உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். விலைப்புள்ளி திறக்கும்போது திரையைப் பார்ப்பவள் நான்தானே. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே அரை சதவீதம் இருந்தாலே அதிகம். நாலரை சதவீதம் நியாயமாக இருக்கிறவன் அந்தத் திரையில் ஐந்தாவது இடத்தில் நிற்பான். குறைந்த விலைக்காரனுக்கே வேலை என்ற முறை, யார் பெண்களுக்கு அதிகமாகக் குறைக்கிறார்களோ அவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறது. மேஸ்திரி அண்ணன் சொன்னது சாக்கு மாதிரி ஒலித்தாலும், விதி ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல காரணத்தை நான் படிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டாயமானால் எல்லோருடைய விலைப்புள்ளியும் நாலரை சதவீதம் ஏறும். அதனால் யாரும் தோற்க மாட்டார்கள். 1891இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நியாயக் கூலித் தீர்மானம் போட்டதும் இந்தக் கணக்கில்தான்: கூலியை வெட்டி அரசு வேலையைப் பிடிக்கிற போட்டியை நிறுத்த. நம் மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் இன்றும் நியாயக் கூலி என்ற சொல் இருக்கிறது. நேரடியாக வைத்த ஆளாக இருந்தாலும் துணைக் கான்ட்ராக்டர் வைத்த ஆளாக இருந்தாலும் கொடுக்க வேண்டும் என்கிறது அது.

ஆனால் ஏறுகிற அந்த நாலரை சதவீதத்தை அரசு கொடுக்க வேண்டும். எஸ்டிமேட்டில் இரண்டாம் வகை மஸ்தூரை வைத்துக்கொண்டே கான்ட்ராக்டரிடம் சம ஊதிய உறுதிமொழி கேட்பது, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

கான்ட்ராக்டரே இல்லாத அரசு வேலையை இந்தப் பக்கத்துப் பெண்கள் இருபது வருடம் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நூறு நாள் வேலை, இந்தப் பக்கம் தொழிலுறப்பு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கான்ட்ராக்டருக்கு இடமில்லை, ஆண் பெண் பேதத்துக்கும் இடமில்லை. 2025-26இல் கேரளத்தில் நாளுக்கு 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336. ஆளும் இல்லை, சித்தாளும் இல்லை. அட்டையில் பெயர், வங்கிக் கணக்கில் பணம். சின்னம்மா கடைசி வருடங்களில் அதற்குத்தான் போனாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆணுடைய கூலியை அவளும் வாங்கினாள். ஆனால் கேரளத்தில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். 850 கிடைக்கிற ஊரில் 369க்கு ஆண்கள் வரவில்லை. ஆண்கள் வராத உயரத்தில் கூலியை வைத்துவிட்டால் சமத்துவம் மிகச் சுலபம்.

இவ்வளவும் பேசுகிற என் கடையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்கு 11,000, பெண்ணுக்கு 9,500. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் பாலக்காடு, பொள்ளாச்சி என்று பைக்கில் போய்வருகிறான் என்று சொல்லியிருப்பேன். அவளோ விலை அட்டவணையை நிரப்புகிறாள். ஒரு சைபர் குறைந்தால் கான்ட்ராக்டரின் முன்வைப்புத் தொகை போகும், என் கடையும் போகும். திறன், உழைப்பு, பொறுப்பு என்று மூன்று கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். ராத்திரி கடையைப் பூட்டிய பிறகுதான் எழுதினேன், வெட்கமாக இருந்தது. நான்கு மாதத்தில் இரண்டு தவணையாக ஏற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரே தவணையில் முடியவில்லை. கட்டுப்படியாகவில்லை என்று சொல்ல வந்தேன். 1987 ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய வேலைக்கு டெண்டர் முன்கூட்டம் வந்தது. சந்தேகங்களை எழுத்தில் அனுப்பலாம் என்றார்கள். ஒரு கான்ட்ராக்டரின் அனுமதியோடு, அவருடைய பெயரில், நான் ஒரு கேள்வி சேர்த்தேன். சம ஊதிய உறுதிமொழி, பில் அனுப்பும்போது கூலிப் பட்டுவாடாவோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுமா? பத்து நாளில் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் பட்டியல் வந்தது. என்னுடையது பதினேழாவது. பதில்: டெண்டர் நிபந்தனைகளின்படி.

பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. எல்லோருக்கும் நான் தயாரிக்கிற கூலிப் பதிவேட்டின் அட்டவணையில், பெயருக்கும் விகிதத்துக்கும் நடுவே ஒரு கட்டம் கூட்டினேன். அன்று செய்த வேலை. சித்தாள் என்று அதில் எழுத முடியாது. சட்டி சுமந்தார், கலவை போட்டார், தண்ணீர் ஊற்றினார், கம்பி கட்டினார் என்றுதான் எழுத வேண்டும். மேஸ்திரியிடம் போனில் கேட்டுக் கேட்டு நிரப்புகிறேன். எட்டுப் பேர் கவனிக்கவே இல்லை. இரண்டு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். பதினோராவது ஆள் அந்தச் சுற்றுச்சுவர் கான்ட்ராக்டர். அச்செடுத்த தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தக் கட்டம் எதற்கு அம்மணி? பில்லுக்குக் கேட்கிறார்களா?"

"இல்லைங்க."

"ஆபீஸில் யாராவது சொன்னார்களா?"

"இல்லைங்க."

தாளை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பெயரில் விரல் வைத்தார். "இவள் கம்பி கட்டினாளா? என்றைக்கு?"

"பதினான்காம் தேதியிலிருந்து ஒன்பது நாள். உங்கள் மேஸ்திரிதான் சொன்னார்."

அவர் சட்டைப்பையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்தார். பதினான்காம் தேதிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டது. வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நகர்ந்து நின்றார்.